டென்னிஸ் தொடர்களில் யார் எப்போது, எந்தக் கோர்ட்டில் ஆடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

தொழில்முறை டென்னிஸ் தொடர் நடக்கும் நாட்களில் ஒவ்வொரு மாலையும் ஒரு பட்டியல் வெளியாகும். மறுநாள் எந்தக் கோர்ட்டில், எந்த வரிசையில், யாரும் யாரும் மோதுகிறார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். டென்னிஸ் வட்டாரத்தில் இதை 'ஆர்டர் ஆஃப் பிளே' என்பார்கள்; தமிழில் ஆட்ட வரிசை என்று சொல்லலாம். இந்த ஆட்டம் இன்ன தேதியில், இன்ன மைதானத்தில், இத்தனை மணிக்கு என்று மாதக்கணக்கில் முன்பே தெரிந்துகொண்டு கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு, முந்தின நாள் சாயங்காலம் வரை அட்டவணையே கிடைக்காத ஒரு விளையாட்டு சற்று விசித்திரமாகத் தோன்றக்கூடும். ஆனால் டென்னிஸில் இதைத் தவிர வேறு வழி இல்லை. முதல் சுற்று முடிந்தால்தான் இரண்டாம் சுற்றில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பது தெரியும். அந்த முதல் சுற்று ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடியுமா, ஐந்து மணி நேரம் நீளுமா என்பதும் ஆடி முடிக்கும் வரை யாருக்கும் தெரியாது.

ஆட்ட வரிசையைப் பார்த்தால், பெரும்பாலான ஆட்டங்களுக்கு நேரமே குறிக்கப்பட்டிருக்காது. ஒரு கோர்ட்டின் முதல் ஆட்டத்துக்கு மட்டும் 'காலை 11 மணி' என்று இருக்கும். அடுத்தடுத்த ஆட்டங்கள் 'இதைத் தொடர்ந்து' என்ற குறிப்போடு அதன் கீழே வரும். கல்யாணப் பந்தியைப் போல, முதல் பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இலை போட முடியும். சில ஆட்டங்களுக்கு எதிரே 'மாலை 7 மணிக்கு முன்னதாக அல்ல' என்று எழுதியிருப்பார்கள். முந்தைய ஆட்டம் சீக்கிரமே முடிந்தாலும் 7 மணிக்கு முன் ஆரம்பிக்க மாட்டோம், முடியாவிட்டால் எப்போது ஆரம்பிப்போம் என்று எங்களுக்கும் தெரியாது என்பதுதான் அந்த வரிக்குப் பொருள்.

இந்தப் பட்டியலுக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், ரெஃப்ரி. உயரமான நாற்காலியில் அமர்ந்து புள்ளிகளை அறிவிப்பவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் சேர் அம்பயர், ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்கு மட்டுமே நடுவர், அட்டவணையில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. ரெஃப்ரி என்பவர் தொடர் முழுவதற்குமான தலைமை நடுவர். வீரர்களுக்குச் சட்டங்களைப் பொருத்துவது, மழை வந்தால் ஆட்டத்தை நிறுத்துவது, ஆட்ட வரிசையை வெளியிடுவது எல்லாம் அவர் அலுவலகத்தின் வேலை. 2020 அமெரிக்க ஓப்பனில் ஜோகோவிச் அடித்த பந்து கோட்டு நடுவர் ஒருவரின் கழுத்தில் பட்டபோது கோர்ட்டுக்குள் இறங்கி வந்து அவரைத் தகுதி நீக்கம் செய்தவர், அந்தத் தொடரின் ரெஃப்ரி சோரன் ஃப்ரீமெல். வழக்கமாகத் தொலைக்காட்சியில் முகம் தெரியாத இந்தப் பதவிக்காரர்களை ரசிகர்கள் பார்ப்பது இப்படிப்பட்ட சிக்கலான தருணங்களில் மட்டுமே.

கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய தொடர்களில் ரெஃப்ரியின் கையில்தான் ஆட்ட வரிசை இருக்கிறது. விம்பிள்டனில் 2006 முதல் 2019 வரை ஆண்ட்ரூ ஜாரெட் அந்தப் பொறுப்பை வகித்தார். ஆண்களுக்கான ஏடிபி தொடர்களிலும் பெண்களுக்கான டபிள்யூடிஏ தொடர்களிலும் அமைப்பு சற்று வேறு. அங்கே அந்தந்த அமைப்பு அனுப்பி வைக்கும் சூப்பர்வைசர் ஒருவர் இருப்பார். ஆட்ட வரிசைக்கு இறுதி ஒப்புதல் தருவது அவர்தான். தொடரை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்தின் தலைவரான போட்டி இயக்குநர் தன் விருப்பத்தைச் சொல்லலாம், வாதாடலாம். ஆனால் சூப்பர்வைசரை மீறி ஒரு ஆட்டத்தை நுழைக்க முடியாது. ஆண்கள், பெண்கள் இரு பிரிவும் ஒன்றாக நடக்கும் பெரிய தொடர்களில் இரண்டு அமைப்புகளின் சூப்பர்வைசர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, முக்கியக் கோர்ட்டில் யாருக்கு எத்தனை இடம் என்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் தொடர் வருடத்தின் எந்த வாரத்தில் நடக்கும் என்ற ஆண்டு நாட்காட்டி வேறு விஷயம். அதை ஏடிபி, டபிள்யூடிஏ, கிராண்ட்ஸ்லாம் நிர்வாகங்கள் தமக்குள் பேசி முன்கூட்டியே வகுத்துவிடுகின்றன. ரெஃப்ரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். முதல் சுற்றில் மட்டும் 128 ஆட்டங்கள். இரண்டு நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 64. ஆட்டங்கள் நடக்கும் கோர்ட்டுகள் 18. எனவே ஒரு கோர்ட்டுக்கு மூன்று அல்லது நான்கு ஆட்டங்கள் வைத்தாக வேண்டும். டிரா எனப்படும், யார் யாரோடு மோதுவது என்ற சுற்றுப் பட்டியலின் மேல் பாதியில் இருப்பவர்கள் ஒரு நாளும் கீழ்ப் பாதியில் இருப்பவர்கள் மறுநாளும் ஆடுவார்கள். இந்தப் பிரிவைக் கலைக்கக் கூடாது. கலைத்தால் அடுத்த சுற்றில் ஒருவர் ஒரு நாள் ஓய்வோடும் எதிராளி ஓய்வே இல்லாமலும் கோர்ட்டுக்கு வரும் நிலை உண்டாகும். இதற்குமேல் இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆட்டங்கள் இருக்கின்றன. ஒற்றையரில் மூன்றாவது ஆட்டமாக இறங்கும் ஒருவர் இரட்டையரிலும் பெயர் கொடுத்திருந்தால், அவருடைய ஜோடியும் எதிரணி இருவரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். அவருக்கு நடுவில் போதிய ஓய்வும் தர வேண்டும். ஒரு பெயரை நகர்த்தினால் நான்கு பெயர்கள் நகரும் வேலை இது.

மரபு கட்டிப்போடும் இடங்களும் உண்டு. விம்பிள்டனின் முதல் திங்கட்கிழமை, அதன் முக்கியக் கோர்ட்டான சென்டர் கோர்ட்டில் முதல் ஆட்டம் ஆடித் திறந்து வைப்பவர் ஆண்கள் பிரிவின் நடப்பு சாம்பியன். செவ்வாய்க்கிழமை அந்த மரியாதை பெண்கள் பிரிவின் நடப்பு சாம்பியனுக்கு. 2021-இல் வென்ற ஆஷ்லி பார்ட்டி மறு ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டதால், 2022-இல் அந்தச் செவ்வாய்க்கிழமை இடம் அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இகா ஸ்வியாடெக்குக்குப் போனது.

வீரர்களும் கோரிக்கை வைக்கலாம். முந்தைய வாரம் வேறொரு நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் ஆடியவர், இந்த வாரம் திங்கட்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை கொடுங்கள் என்று கேட்பது சர்வ சாதாரணம். பெரும்பாலும் அது கிடைத்தும் விடும். வெயில் உச்சத்தில் வேண்டாம், இரவில் வேண்டாம், பயிற்சிக்கு வசதியாகக் கடைசி ஆட்டமாக வேண்டாம் என்ற கோரிக்கைகளும் வருகின்றன. நேரில் போய்க் கேட்பதைவிட ஏடிபி, டபிள்யூடிஏ பிரதிநிதிகள் வழியாகச் சொல்லி அனுப்புவதே வழக்கம். கேட்கலாம் என்பது விதி. கிடைக்கும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. நட்சத்திர வீரர்களின் விருப்பம் அடிக்கடி நிறைவேறுவதும், தரவரிசையில் எண்பதாவது இடத்தில் இருப்பவரின் விருப்பம் அந்த அளவுக்கு எடுபடாததும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இதுவரை சொன்னது கையெழுத்திடுபவரின் கதை. அந்தக் கையெழுத்தின் எல்லையை வகுப்பவர்கள் வேறு ஆட்கள் என்பதே இந்த விஷயத்தில் புதிதாக வருபவர் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது. டிக்கெட்டுகள் தொடருக்கு வெகு முன்பே பகல் அமர்வு, இரவு அமர்வு என்று தனித்தனியாக விற்கப்பட்டு விடுகின்றன. இரவு 7 மணி டிக்கெட் வாங்கியவருக்கு 7 மணிக்குப் பிறகு ஆட்டம் காட்டியே ஆக வேண்டும். ஒளிபரப்பு உரிமை வாங்கிய நிறுவனமும், தன் பார்வையாளர்கள் வீடு திரும்பித் தொலைக்காட்சி முன் அமரும் நேரத்தில் பெரிய பெயர்கள் ஆட வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஒரு நாட்டின் நட்சத்திரம் அந்த நாட்டு மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஆடுவது தற்செயலாக நடப்பதில்லை. ரெஃப்ரி மேசைக்கு வரும்போது, நாள் ஏற்கெனவே பகலாகவும் இரவாகவும் வெட்டப்பட்டு அவரிடம் கொடுக்கப்படுகிறது.

பிரெஞ்சு ஓப்பனை எடுத்துக்கொள்வோம். அங்கே 2021-இல் இரவு அமர்வு தொடங்கியது. அதன் ஒளிபரப்பை பிரான்ஸில் அமேசான் பிரைம் வாங்கியிருந்தது. ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் மெல்போர்னிலும் அமெரிக்க ஓப்பன் நடக்கும் நியூயார்க்கிலும் இரவு அமர்வில் பொதுவாக இரண்டு ஆட்டங்கள் வைப்பார்கள். பாரிஸில் ஒன்றே ஒன்று. ஆண்கள் ஐந்து செட், பெண்கள் மூன்று செட் என்பதால், ஒரே ஆட்டத்துக்காக டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்ற வாதம் அங்கே எப்போதும் முன்வைக்கப்படுகிறது. விளைவு, 2022-இல் பத்து இரவுகளில் ஒரே ஒரு பெண்கள் ஆட்டம், ஆலிஸ் கோர்னே – யெலனா ஓஸ்டபென்கோ. தொடரின் போட்டி இயக்குநரும் முன்னாள் முதல்நிலை வீராங்கனையுமான அமெலி மௌரெஸ்மோ, ஆண்கள் ஆட்டத்தில் இப்போது ஈர்ப்பு அதிகம் என்ற பொருளில் பேசிப் பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இரவு அமர்வில் பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஒன்ஸ் ஜபேர் உள்ளிட்ட வீராங்கனைகள் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். என் கருத்தில், ரெஃப்ரியின் மேசையில் சரிசெய்யக்கூடிய குறை அல்ல இது. ஓர் இரவுக்கு ஓர் ஆட்டம் என்று விற்றுவிட்ட பிறகு, யார் அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் அதே கணக்குக்குத்தான் வந்து நிற்பார்.

நள்ளிரவைத் தாண்டும் ஆட்டங்களும் இதே கணக்கின் பிள்ளைகள்தான். 2023 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில் ஆண்டி முர்ரேவும் தனாசி கொக்கினாகிஸும் இரவு 10.20-க்கு ஆட ஆரம்பித்தார்கள். முர்ரே முதல் இரண்டு செட்களை இழந்து, அடுத்த மூன்றையும் வென்று கைகுலுக்கியபோது மணி அதிகாலை 4.05. ஆட்டம் 5 மணி 45 நிமிடம் நீடித்தது. பந்து பொறுக்கிப் போடும் பிள்ளைகளை அதிகாலை வரை நிறுத்தி வைப்பது யாருக்கு நல்லது என்று முர்ரே கேட்டார். அடுத்த சுற்றில் அவர் பாட்டிஸ்டா அகுட்டிடம் தோற்றுப்போனார். மறு ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் நிர்வாகம் தொடரை ஞாயிற்றுக்கிழமையே தொடங்கி 15 நாளாக்கியது. முக்கியக் கோர்ட்டுகளில் பகல் அமர்வை மூன்றிலிருந்து இரண்டு ஆட்டமாகக் குறைத்தது. அப்படியும் அதே ஆண்டு மெத்வதேவ் – ரூசுவூரி ஆட்டம் அதிகாலை 3.39 வரை நடந்தது. இரவு அமர்வில் இரண்டு ஆட்டம் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கும்போது, பகலை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் இரண்டாவது ஆட்டத்தின் கதி முதல் ஆட்டத்தின் கையில்தான் இருக்கும்.

இந்த வகையில் இதுவரை யாரும் தாண்டாத எல்லை, 2022-இல் மெக்சிகோவின் அகபுல்கோ நகரில் நடந்த ஏடிபி தொடரில் எட்டப்பட்டது. ஸ்வெரெவ் – புரூக்ஸ்பி ஆட்டம் அதிகாலை 4.55-க்கு முடிந்தது. இப்படிப்பட்ட நிகழ்வுகள் சேர்ந்து சேர்ந்து, 2024 ஜனவரி முதல் ஏடிபியும் டபிள்யூடிஏவும் புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டு வந்தன. ஒரு கோர்ட்டில் ஒரு நாளைக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வைக்கக் கூடாது. இரவு 10.30-க்குள் தொடங்காத ஆட்டத்தை வேறு கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும். இரவு 11 மணிக்குப் பிறகு எந்த ஆட்டமும் தொடங்கக் கூடாது. விதிவிலக்கு வேண்டுமென்றால் சூப்பர்வைசர் தன் தலைமையகத்தோடு கலந்து பேசி அனுமதிக்க வேண்டும். இந்த விதிகள் கிராண்ட்ஸ்லாம்களைக் கட்டுப்படுத்தாது என்பதைக் கவனிக்க வேண்டும். அவை தனி ராஜ்யங்கள். அங்கே நடப்பதை அந்தந்த நிர்வாகம்தான் மாற்ற வேண்டும். அதனால்தான் 2024 பிரெஞ்சு ஓப்பனில் ஜோகோவிச் – முசெட்டி ஆட்டம் அதிகாலை 3 மணியைத் தாண்டியபோது, ஏடிபியின் புதிய விதிப் புத்தகத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

நேரெதிரான ஓர் உதாரணம் விம்பிள்டனில் இருக்கிறது. அங்கே இரவு 11 மணிக்கு ஆட்டத்தை நிறுத்த வேண்டும். இதை விதித்தது எந்த டென்னிஸ் அமைப்பும் இல்லை. மெர்ட்டன் என்ற உள்ளூர் நகராட்சி. 2009-இல் சென்டர் கோர்ட்டுக்கு நகரும் கூரை வந்து, விளக்கொளியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம் என்ற நிலை ஏற்பட்டபோது, சுற்றியுள்ள குடியிருப்புகளின் நிம்மதிக்காகவும், பார்வையாளர்கள் ரயில் பிடித்து வீடு போய்ச் சேருவதற்காகவும் இந்த நிபந்தனை வைக்கப்பட்டது. 2018 அரையிறுதி நாளில் இதன் முழு வலுவும் தெரிந்தது. ஆண்டர்சன் – இஸ்னர் ஆட்டம் 6 மணி 36 நிமிடம் நடந்து, ஐந்தாவது செட் 26-24 என்று முடிந்தது. அதற்குப் பிறகே நடாலும் ஜோகோவிச்சும் கோர்ட்டுக்கு வர முடிந்தது. மூன்று செட் முடிந்த நிலையில், 11.02-க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறுநாள் சனிக்கிழமை, பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு முன்பாக, அதைத் தொடர்ந்து முடிக்க வேண்டியதாயிற்று. கூரை மூடிய நிலையில் தொடங்கிய ஆட்டம் என்பதால், இருவரும் சம்மதித்தால் மட்டுமே திறக்கலாம் என்ற விதிப்படி, வெளியே நல்ல வெயில் அடிக்கும்போதும் கூரைக்கு அடியிலேயே அது நடந்தது. ஜோகோவிச் ஐந்தாவது செட்டை 10-8 என்று வென்றார். கெர்பரும் செரீனாவும் தங்கள் இறுதி ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். முடிவில்லாமல் நீளும் ஐந்தாவது செட்டை அதன்பிறகு விம்பிள்டன் கைவிட்டது. 2019-இல் 12-12 வந்தால் டை பிரேக் (புள்ளிக் கணக்கில் ஆடி செட்டை முடித்துவிடும் முறை) என்று ஆக்கியது, 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் 6-6 வந்தால் பத்துப் புள்ளி டை பிரேக் ஆடப்படுகிறது. அட்டவணை போடுபவர்களுக்கு வேறு எந்த விதியையும்விட அதிக நிம்மதி தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

சென்னை ரசிகர்களுக்கு இதன் இன்னொரு முகம் நினைவிருக்கும். நுங்கம்பாக்கம் மைதானத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த சென்னை ஓப்பன், 32 பேர் ஆடும் ஒரு வாரத் தொடர். கடைசி நாட்களில் ஓய்வுக்கு இடமே இல்லை: சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. 2008 ஜனவரியில் அரையிறுதியில் நடாலும் அவருடைய நண்பர் கார்லோஸ் மோயாவும் மூன்று செட்களையும் டை பிரேக் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். 3 மணி 54 நிமிடம் ஆடி நடால் வென்றார். மறுநாள் இறுதியில் மிகயில் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். எதிராளி களைத்துப்போயிருந்ததை யூஸ்னியே ஒப்புக்கொண்டார். இந்த நாளில் அட்டவணை போடுபவருக்கு இருந்த அதிகாரம் என்ன என்று யோசித்தால், இரண்டு அரையிறுதிகளில் எது முதலில், எது அடுத்து என்பதைத் தவிர ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இறுதி ஆட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினால் டிக்கெட் வாங்கியவர்கள், ஒளிபரப்பாளர்கள், அடுத்த வாரம் வேறு நாட்டில் ஆட வேண்டிய வீரர்கள் என எல்லாமே குலைந்துபோகும்.

ஆட்ட வரிசை வெளியான பிறகும் ரெஃப்ரியின் வேலை ஓய்வதில்லை. மழை பெய்து நான்கு மணி நேரம் போனால், எந்த ஆட்டத்தை ரத்து செய்வது, எதை வேறு கோர்ட்டுக்கு மாற்றுவது, யாரை மறுநாள் காலையில் வரச் சொல்வது என்பதை அவர்தான் நின்ற நிலையில் முடிவு செய்ய வேண்டும். கூரை உள்ள கோர்ட்டுகளில் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். கூரையில்லாத கோர்ட்டுக்காரர்கள் அறையில் சீட்டாடிக்கொண்டு காத்திருப்பார்கள். அமெரிக்க ஓப்பனில் 2008 முதல் 2012 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து மழையால் ஆண்கள் இறுதி ஆட்டம் திங்கட்கிழமைக்குப் போனது. அங்கே முக்கியக் கோர்ட்டான ஆர்தர் ஆஷ் மைதானத்துக்கு 2016-இல் கூரை வந்த பிறகே அந்தத் தலைவலி அடங்கியது. ஆஸ்திரேலியாவில் மழையைவிட வெயில் பெரிய பிரச்சினை. அங்கே 2019 முதல் வெப்ப அளவை ஒன்று முதல் ஐந்து வரை கணக்கிடுகிறார்கள். ஐந்தைத் தொட்டால் திறந்தவெளிக் கோர்ட்டுகளில் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் ரெஃப்ரிக்கு உண்டு.

தொலைக்காட்சியும் இரவு டிக்கெட்டும் இல்லாத சிறிய தொடர்களில் இந்த வேலை எப்படி இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் கீழ்நிலைத் தொடர்களில் நான்கோ ஐந்தோ கோர்ட்டுகள்தான் இருக்கும். சூப்பர்வைசர் ஒருவரே பெரும்பாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அங்கே கணக்கில் வருபவை ஓய்வு நேரம், இரட்டையர் ஆட்டங்களின் சிக்கல், வெளிச்சம் ஆகிய மூன்றுதான். ஒரே நாளில் ஒருவர் இரண்டு ஆட்டம் ஆட நேர்ந்தால் நடுவில் எவ்வளவு இடைவெளி தர வேண்டும் என்பது முதல் ஆட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பொறுத்து விதிகளிலேயே இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் எத்தனை ஆட்டம் முடியும் என்று எண்ணிப் பார்த்து எழுதுவார். தோற்றவர் அன்று இரவே ரயிலேறி அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருப்பதால், இரட்டையரில் இன்னும் நிலைத்திருக்கிறாரா என்று பார்த்து, முடிந்தால் அவருடைய இரட்டையர் ஆட்டத்தையும் அன்றே வைத்து அனுப்பிவிடுவதுண்டு. ரெஃப்ரி அல்லது சூப்பர்வைசர்தான் பொறுப்பு என்று விதிப் புத்தகம் சொல்வது வார்த்தைக்கு வார்த்தை உண்மையாக இருப்பது, பணமும் பார்வையாளர்களும் மிகக் குறைவாக உள்ள இந்தத் தொடர்களில்தான்.